இலையே பூவாகும் செடி! நரிக்குடி வெயிலிலும் குரோட்டன்ஸ் வளர்க்கலாம்

பூவுக்காகச் செடி வளர்ப்பார்கள். காய்க்காக வளர்ப்பார்கள். மருந்துக்காகவும் வளர்ப்பார்கள்.

இலைக்காகச் செடி வளர்ப்பது உண்டா?

கீரை உண்டு. வெற்றிலை உண்டு. ஆனால் அவை தின்பதற்கு. கண்ணால் பார்ப்பதற்காக மட்டுமே இலை வளர்ப்பது என்றால், அதற்குக் குரோட்டன்ஸ்தான்!

மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, பச்சை... ஒரே செடியில் இத்தனை வர்ணம். ஓர் இலையைப் போல இன்னோர் இலை இராது. யாரோ உட்கார்ந்து தூரிகையால் தீட்டி வைத்ததுபோல் இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தச் செடியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பள்ளிக்கூட வாசலில் இருக்கும். தாலுகா ஆபீசில் இருக்கும். ரெயில் நிலையத்தில், வெள்ளை அடித்த தொட்டியில் வரிசையாக நிற்கும். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு இரு பக்கமும் வைத்திருப்பார்கள். ஆனால் "இதன் பெயர் என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர், "அழகுச் செடி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அழகுச் செடிதான். ஆனால் அழகு பார்க்கத் தண்ணீர் வேண்டுமே!

மாமியார் கேட்ட கேள்வி

மானாமதுரைக்கும் விருதுநகருக்கும் இடையே ஓடும் ரெயில் பாதையில் உள்ள ஊர் நரிக்குடி. அடுத்த நிலையம் திருச்சுழி. அதற்கு அடுத்தது அருப்புக்கோட்டை. கரிசலும் செவலும் கலந்த சீமை. மிளகாயும் பருத்தியும் மல்லியும் விளையும். கிருதுமால் நதியும் குண்டாறும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி அவை வெறும் மணலாகத்தான் கிடக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக்கருவேல மரம்தான்.

இந்த ஊரில் ஒரு மருமகள் திண்ணை ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டி வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாமியார் என்ன சொல்வார்?

"ஏத்தா, குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையிறோம். பூக்காத, காய்க்காத செடிக்கு எதுக்குத் தண்ணி?"

நியாயமான கேள்வி! தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்புக்குத்தான் அதன் பாரம் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், "செடி வளருங்கள், அழகாக இருக்கும்" என்று எழுதுவது சுலபம். அப்படி எழுதினால் அது ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் பொருந்தும். நரிக்குடிக்குப் பொருந்தாது.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நடுத்தரத் தொட்டியில் உள்ள செடிக்குக் கோடைக்காலத்தில் நாள் ஒன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். சுமார் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 30 லிட்டர். அதாவது இரண்டு குடம். மழைக்காலத்தில் இதில் பாதிகூட வேண்டாம்.

அந்த இரண்டு குடமும் குடிதண்ணீரில் இருந்து எடுக்க வேண்டியது இல்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி களைந்தால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வரும். அதில் ஒரு செம்பு செடிக்குப் போனால் போதும்.

"அந்தக் கழுநீர் மாட்டுக்கு அல்லவா?" என்று கேட்பீர்கள். உண்மைதான். வீட்டில் பசு இருந்தால் கழுநீர் பசுவின் பங்கு. அதில் கை வைக்கக்கூடாது! கீரை அலசிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், குடத்தின் அடியில் தங்கிய தண்ணீர் ஆகியவற்றைச் செடிக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் ஆகாது. உப்புப் போட்டுக் கழுவிய தண்ணீர் ஆகவே ஆகாது.

"இல்லத்தை, கீரை அலசுன தண்ணிதான் ஊத்துறேன்" என்று மருமகள் சொன்னால், மாமியாரும் சும்மா இருந்துவிடுவார். நாலு நாளில் அவரே ஒரு செம்பு ஊற்றினாலும் ஆச்சரியம் இல்லை.

பெயர் மாறிப்போன கதை

இந்தச் செடியின் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உண்மையில் இது குரோட்டனே அல்ல!

குரோட்டன் என்பது கிரேக்கச் சொல். அதற்கு "உண்ணி" என்று அர்த்தம். மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அதே உண்ணி! ஆமணக்கு முத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். ரத்தம் குடித்து உப்பிய உண்ணியைப் போலவே இருக்கும். அதனால்தான் கிரேக்கர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆமணக்கின் விஞ்ஞானப் பெயரான "ரிசினஸ்" என்பதும் உண்ணியைக் குறிக்கும் லத்தீன் சொல்தான்.

உண்மையான குரோட்டன் எது தெரியுமா? நம் ஊர் நாட்டு வைத்தியர்கள் நன்றாக அறிந்த நேர்வாளம்! கடுமையான பேதி மருந்து. சுத்தி செய்யாமல் தின்றால் ஆளையே சாய்த்துவிடும்.

1753-ம் ஆண்டில், சுவீடன் நாட்டுத் தாவர மேதை லின்னேயஸ், செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் நம் வர்ண இலைச் செடியையும் நேர்வாளத்தோடு சேர்த்துக் குரோட்டன் என்று எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து பார்த்து, "இது வேறு ஜாதி" என்று கண்டார்கள். 1824-ம் ஆண்டில் "கோடியேயம்" என்ற பெயர் முறைப்படி தரப்பட்டது.

ஆனால் யார் கேட்டார்கள்? ஒரு தடவை வாயில் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். இன்றைக்கும் உலகம் முழுவதும் குரோட்டன் என்றே சொல்கிறார்கள். நர்சரியில் போய் "கோடியேயம் கொடுங்கள்" என்று கேட்டால், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நேர்வாளம், ஆமணக்கு, கள்ளி, மரவள்ளி, ரப்பர், குரோட்டன்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். கிளையை ஒடித்தால் பால் கசியும் குடும்பம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

கண்ணிழந்தவர் எழுதிய புத்தகம்

கோடியேயம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவில், மொலுக்கா என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. கிராம்பும் ஜாதிக்காயும் பிறந்த தீவுகள் அவை. அங்கே உள்ளவர்கள் இந்தச் செடியைக் "கோடிஹோ" என்று அழைத்தார்கள். வேலியாகவும் வீட்டு அலங்காரமாகவும் வளர்த்தார்கள்.

அந்தத் தீவுகளில் அம்போன் என்பது ஒன்று. டச்சுக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக அங்கே போனவர் ரம்பியஸ். ஜெர்மனியில் பிறந்தவர். வேலை கம்பெனி வேலை. ஆசை செடி கொடிகள் மேல்! தீவில் முளைக்கும் ஒவ்வொரு செடியையும் பார்த்து, முகர்ந்து, உள்ளூர்க்காரர்களிடம் பெயர் கேட்டு எழுதி வந்தார்.

1670-ம் ஆண்டில் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது.

செடியைப் பற்றி எழுதுகிறவருக்குக் கண் போனால் எப்படி இருக்கும்! அவர் வேலையை நிறுத்தவில்லை. தான் சொல்லச் சொல்லப் பிறரை எழுதச் செய்தார்.

1674-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அம்போனில் பெரிய பூகம்பம். மனைவியும் மகளும் இறந்தார்கள்.

1687-ம் ஆண்டில் ஊரில் தீப்பிடித்தது. செடிகளின் படங்கள் எரிந்து சாம்பலாயின. மறுபடியும் ஆள் வைத்து வரையச் சொன்னார்.

1692-ம் ஆண்டில் எழுதிய பிரதியைக் கப்பலில் ஹாலந்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்துவிட்டார்கள்! நல்ல வேளை, பட்டேவியாவில் இருந்த கவர்னர் ஜெனரல் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். புத்தகம் பிழைத்தது.

ஆனாலும் அது அச்சானதை ரம்பியஸ் பார்க்கவில்லை. 1702-ம் ஆண்டில் அவர் இறந்தார். 1741-ம் ஆண்டு முதல்தான் புத்தகம் பாகம் பாகமாக வெளிவந்தது. அதில் நம் வர்ண இலைச் செடியும் இருக்கிறது. கோடிஹோ என்ற தீவுக்காரர்களின் சொல்லை வைத்து, அவரே இட்ட பெயர்தான் கோடியேயம்.

தீவில் இருந்த செடி ஊர் சுற்றக் கிளம்பியது எப்போது? 1860-களில், லண்டனில் நர்சரி நடத்திய வீச் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கூல்டு வீச் என்பவர், கப்பல் ஏறிப் பசிபிக் தீவுகளுக்குப் போனார். புதுப்புது வர்ணக் குரோட்டன்களை அள்ளிக்கொண்டு திரும்பினார். பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

லண்டன் குளிரில் இந்தச் செடி தாங்குமா? தாங்காது. ஆகவே கண்ணாடி வீடு கட்டினார்கள். நிலக்கரி எரித்து உள்ளே சூடு ஏற்றினார்கள். ஒரு செடியை உயிரோடு வைக்க அத்தனை செலவு!

அந்தச் சூடு நரிக்குடியில் இலவசம். அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள்.

அம்போனுக்கும் நரிக்குடிக்கும் என்ன வித்தியாசம்?

சூடு சரி. மற்றது?

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து முடிந்துவிடும். அம்போனில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெய்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். பெரிய மரங்களின் ஓரத்தில், அரை நிழலில் வளர்ந்து பழகிய செடி இது.

இதைத் தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறை தானாகவே விளங்கிவிடும். செடிக்கு ஒரு சின்ன அம்போனை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குக் கண்ணாடி வீடு வேண்டாம். ஒரு வேப்ப மரம் போதும்.

எந்த இடத்தில் வைப்பது?

காலை வெயில் நல்லது. மாலை வெயில் ஆகாது. கிழக்கு பார்த்த வீடானால் திண்ணை ஓரம் சரியான இடம். காலையில் மூன்று, நாலு மணி நேரம் வெயில் விழும். பிறகு வீட்டு நிழல் வந்துவிடும். மேற்கு பார்த்த வீடானால் வேப்ப மரம், புங்க மரம் நிழலில் வைக்கலாம்.

முழு நிழலில் வைத்தால் என்ன ஆகும்? செடி சாகாது. ஆனால் வர்ணம் போய்விடும். "வாங்கும்போது சிவப்பாக இருந்ததே, இப்போது பச்சையாகிவிட்டதே, ஏமாற்றிவிட்டான்" என்று விற்றவரைத் திட்டுவார்கள். அவர் ஏமாற்றவில்லை. வெளிச்சம் போதவில்லை!

இலையில் பச்சை உண்டு, மஞ்சள் உண்டு, சிவப்பும் உண்டு. மூன்று சாயமும் சேர்ந்து இருக்கும். பச்சைதான் செடிக்குச் சமையல்காரன். வெளிச்சத்தை வாங்கி உணவு ஆக்குவது அதுதான். வெளிச்சம் குறைந்தால் செடி என்ன செய்யும்? கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் பச்சையைக் கூட்டிக்கொள்ளும். மற்ற வர்ணம் மங்கிவிடும்.

புதுத் துளிர் பெரும்பாலும் பச்சையாக வரும். இலை முற்ற முற்ற மஞ்சளும் சிவப்பும் ஏறும். ஆகவே அவசரப்படக் கூடாது.

சித்திரை, வைகாசியில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும்போது நேரெதிர் ஆபத்து. உச்சி வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். அப்போது தொட்டியை இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சேலையை இரண்டு கம்பில் கட்டிப் பந்தல் போடலாம்.

வெயிலைவிடப் பொல்லாதது ஆடிக் காற்று! மேற்கே இருந்து வறட்டுக் காற்று அடிக்கும். மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை துவண்டுவிடும். ஆகவே மேற்குப் பக்கம் ஒரு சுவரோ, கீற்றுத் தட்டியோ இருக்க வேண்டும். நாலைந்து தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும்.

தரையில் நடலாமா?

நடலாம். ஆனால் கரிசல் மண்ணில் நேராக நடுவது நல்லதல்ல. கரிசல் மழையில் களியாகும். வேருக்கு மூச்சு முட்டும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வேர் அறுந்து போகும். பருத்திக்குத் தெரியும் அந்த மண்ணோடு குடித்தனம் நடத்த, குரோட்டன்ஸுக்குத் தெரியாது!

தொட்டிதான் நல்லது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது இல்லை. ஓட்டை விழுந்த குடம், பெயிண்ட் டப்பா, உடைந்த சிமெண்ட் தொட்டி, எதுவும் ஆகும். அடியில் மூன்று, நாலு ஓட்டை கட்டாயம். ஓட்டை மேல் ஓட்டுச் சில்லு வைத்து, இரண்டு பங்கு செவல் மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுஉரம் கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் போட்டால் வேர் வெந்துவிடும். தேங்காய் நார்க்கழிவு கிடைத்தால் ஒரு கை சேர்க்கலாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

மேல் மண்ணில் வேப்பிலைச் சருகோ, கடலைத் தொலியோ பரப்பி மூடினால் தண்ணீர் மிச்சம். இது சின்ன வேலை. இதைத்தான் யாரும் செய்வது இல்லை.

உப்புத் தண்ணீர் என்ற எதிரி

இந்தச் சீமையில் தண்ணீர் குறைவு என்பது ஒரு கஷ்டம். இருக்கிற தண்ணீரும் பல இடங்களில் உப்பு என்பது இன்னொரு கஷ்டம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே தினமும் ஊற்றி வந்தால், கொஞ்ச நாளில் இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பாகும். நுனி கருகும். மண் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

இதைப் பார்த்து, "தண்ணீர் போதவில்லை" என்று நினைத்து, அதே உப்புத் தண்ணீரை இன்னும் அதிகமாக ஊற்றுவார்கள். செடி போயே போய்விடும்!

என்ன செய்யலாம்? மழைத் தண்ணீர்தான் மருந்து. 2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால், செடிக்குப் பல நாள் வரும். கொசு முட்டை இடாமல் துணி கட்டி மூட வேண்டும்.

டிரம் இல்லையா? பரவாயில்லை. ஐப்பசி அடைமழையில் தொட்டிகளைத் திறந்த வெளியில் தூக்கி வையுங்கள். ஒன்பது மாதமாகச் சேர்ந்த உப்பெல்லாம் ஓட்டை வழியாகக் கரைந்து ஓடிவிடும். அந்த மழைக்குப் பிறகு வரும் துளிரைப் பாருங்கள், பளபளவென்று இருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு மணி பார்க்க வேண்டாம், விரலால் பாருங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டால் காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஊற்ற வேண்டும். சேறாக இருக்கும்போது ஊற்றினால் வேர் அழுகும். தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைவிடத் தண்ணீர் அதிகமாகிச் செத்த செடிகள் இந்த வறட்சிச் சீமையிலும் உண்டு. ஆசையினால் செய்யும் கொலை அது!

செடி வாங்கும்போது

வண்டியில் செடி கொண்டுவந்து விற்பார்கள். சந்தையிலும் கிடைக்கும். சித்திரையில் வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகைதான் சரியான காலம்.

அடி வரை இலை உள்ள செடியாகப் பாருங்கள். உயரமான செடி கெட்டிக்காரச் செடி என்று நினைக்க வேண்டாம். குட்டையாக, இரண்டு மூன்று கிளையோடு இருப்பதுதான் நல்லது. இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடி இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சிறிய வீட்டுக்குச் சுருள் இலைக் குரோட்டன் மிகவும் பொருத்தம். "மம்மி" என்று சொல்லி விற்பார்கள். இலை திருகிக்கொண்டு, நெருக்கமாக, குட்டையாக வளரும். பச்சையில் மஞ்சள் பொட்டு வைத்ததுபோல் உள்ளதற்குக் "கோல்டு டஸ்ட்" என்று பெயர். அகன்ற இலையில் மஞ்சளும் சிவப்பும் நரம்பு நரம்பாக ஓடினால் அது "பெட்ரா". இன்னும் ஒரு வினோதமான ரகம் உண்டு. இலை பாதியில் நின்றுவிடும். நடு நரம்பு மட்டும் நூல்போல் நீளும். அதன் நுனியில் மறுபடியும் ஒரு குட்டி இலை தொங்கும்! குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் விடமாட்டார்கள்.

செடி வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை காத்திருக்கிறது. நாலைந்து நாளில் இலை உதிர ஆரம்பிக்கும். சில சமயம் பாதி இலைகூடக் கொட்டிவிடும். பயப்படாதீர்கள்! நர்சரியில் நிழல் வலைக்குக் கீழே சொகுசாக இருந்த செடி. இடம் மாறினால் கோபித்துக்கொள்ளும். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரே இடத்தில் நிழலில் விட்டுவிடுங்கள். இங்கே வைத்துப் பார்ப்போம், அங்கே வைத்துப் பார்ப்போம் என்று தூக்கிக்கொண்டு திரிந்தால், மிச்ச இலையையும் உதிர்த்துவிடும்.

ஒன்று பத்தாக!

ஒரு செடி இருந்தால் போதும். காசு இல்லாமல் பத்து செடி ஆக்கலாம்.

மழைக்காலத்தில் பென்சில் கனமுள்ள கிளையை அரைச் சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பால் கசியும். தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி வைத்தால் நின்றுவிடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு, மணலும் மண்ணும் கலந்த தொட்டியில் ஊன்றுங்கள். பாலிதீன் பையைக் கவிழ்த்து மூடி நிழலில் வையுங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது!

இன்னும் உறுதியான வழி விண்பதியம். செடியில் இருக்கும் கிளையிலேயே ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்துவிடுங்கள். நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை அதன்மேல் பொதிந்து, பாலிதீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். வெள்ளை வேர் தாளுக்கு உள்ளே தெரியும்போது, கட்டுக்குக் கீழே வெட்டித் தனியாக நட வேண்டியதுதான்.

விதை போட்டால் வராதா? வரும். இந்தச் செடி பூப்பதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பூக்கும். நீண்ட காம்பில் வரிசையாகச் சின்னஞ்சிறு பூக்கள் தொங்கும். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் விதையில் வரும் செடி தாய்ச்செடி போல் இராது.

சில சமயம் ஓர் அதிசயம் நடக்கும். பழைய செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு வர்ணத்தில், வேறு கோலத்தில் வரும். நோய் என்று நினைத்து ஒடித்து எறிந்துவிடாதீர்கள். அந்தக் கிளையை ஊன்றினால் அது புது ரகம்! பெரிய பெரிய நர்சரிகளில் புது ரகம் எடுக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. நரிக்குடித் திண்ணையிலும் அது நடக்கலாம்.

குட்டையாக வைக்கும் ரகசியம்

சும்மா விட்டால் குரோட்டன்ஸ் ஆள் உயரத்துக்கு மேல் போகும். அடியில் இலை இல்லாமல் குச்சியாக நிற்கும். இதைத் தடுக்க வழி, நுனி கிள்ளுவது. மழை தொடங்கும்போது ஒவ்வொரு கிளையின் நுனியையும் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் இரண்டு கிளை வெடிக்கும். இப்படியே செய்து வந்தால் முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில், பந்துபோல் புதராக நிற்கும். கோடையில் கிள்ளக் கூடாது. உரமும் கோடையில் வேண்டாம். மற்ற மாதங்களில், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி தொழுஉரம் போதும்.

வறட்டுக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத சிவப்புச் சிலந்திப்பூச்சி வரும். இலை மங்கி, தூசி படிந்ததுபோல் ஆகும். இலையின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

குழந்தையும் ஆடும் ஜாக்கிரதை

பால் கசியும் குடும்பம் என்று முன்பே சொன்னேன் அல்லவா? இந்தச் செடியின் இலை, பட்டை, பால் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. வாய் எரியும். வயிற்றைப் புரட்டும். பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். கண்ணில் படவே கூடாது. கிளை வெட்டிய பிறகு கையைக் கழுவுங்கள். வேட்டியில், சேலையில் பட்டால் கறை போகாது.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டியைத் திண்ணை மேல் உயரத்தில் வையுங்கள். பளிச்சென்று இருப்பதைக் குழந்தை முதலில் வாயில்தான் வைக்கும். வெட்டிய கிளைகளை ஆட்டுக்குப் போடாதீர்கள். தெருவில் திரியும் ஆடு எட்டாதபடி வேலியும் வேண்டும்.

மர நிழலே இல்லாத வீடு

திறந்த வெளி, ஒரு மரம்கூட இல்லை, காலை முதல் மாலை வரை வெயில் என்றால், குரோட்டன்ஸை வாங்கி வதைக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு ஏற்றது காகிதப்பூ. வெயிலில்தான் அது கொழிக்கும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் கொஞ்சம் காய்ந்தால்தான் நிறைய வர்ணம் காட்டும்.

அதிலும் ஒரு விசேஷம். காகிதப்பூவில் ரோஜாவாகவும் ஊதாவாகவும் தெரிவது பூ இதழ் அல்ல. அதுவும் இலைதான்! நடுவில் சின்ன வெள்ளைக் குழல்போல் இருக்கிறதே, அதுதான் பூ. ஆக, நரிக்குடி உச்சி வெயிலிலும் இலையே பூவாகி நிற்கும்.

வேப்ப மரக் கன்று ஒன்றை இப்போதே வைத்துவிட்டால், அது நிழல் தரும் காலத்தில் குரோட்டன்ஸுக்கும் இடம் கிடைத்துவிடும். அதற்குள் மதுரையிலோ மானாமதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் நல்ல வர்ணத்தில் செடி இருந்தால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் போகும்போது இரண்டு கிளை கேட்டு வாங்குங்கள். ஈரத் துணியில் சுற்றி, அதன்மேல் வாழை இலையைச் சுற்றிக் கட்டினால், பஸ்ஸில் வந்தாலும் வாடாது. அன்றைக்குச் சாயங்காலமே ஊன்றிவிட வேண்டும்.